ஊசியாறு

ஊசியக்காவின் அறையில் மின்விசிறி உண்டு, ஆனால் போடக் கூடாது. தும்மக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, கதவைத் தடாலென்று திறக்கக் கூடாது. காற்று கொஞ்சம் அசைந்தாலும் தட்டில் இருக்கும் மணிகள் பறந்துவிடும். வெறுங்கண்ணுக்குத் தூசியாகக்கூடத் தெரியாத மணிகள் அவை. ஒரு தும்மலில் ஒரு மலைத்தொடரே காணாமல் போய்விடும் என்று அவள் சொல்வாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சிரித்ததற்குத் தனியாகத் திட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

கடலை ஆராயும் அந்த நிறுவனத்தில் மாடியில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஜன்னல் இருந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவளுக்குச் சுவர். சுவரின் உச்சியில், தெரு மட்டத்துக்கு, முழங்கை நீளத்தில் ஒரு கண்ணாடித் துவாரம் உண்டு. அதில் நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்தத் தெருவில் பாதிப் பேரை அவளுக்குச் செருப்பை வைத்துத் தெரியும். முகத்தைக் காட்டினால் தெரியாது.

அவள் வேலையை நாத்தனாருக்குப் புரியவைக்கப் பல வருஷம் பிடித்தது. கப்பலில் போகிறவர்கள் கடலின் தரையில் நீளமான குழாயைச் செருகி எடுப்பார்கள். குழாய் நிறையச் சேறு வரும். அந்தச் சேறு கடலில் பிறந்ததல்ல. ஏதோ ஒரு ஆறு எப்போதோ கொண்டுவந்து கொட்டியது. எந்த ஆறு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வெளியே சுற்றிவிட்டு வந்த பிள்ளையின் செருப்பில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தே எங்கே போய்வந்தான் என்று அம்மா கண்டுபிடிப்பாள் இல்லையா, அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

சேற்றைக் கழுவிச் சலித்து, கனமான திரவத்தில் போட்டால் லேசானது மிதக்கும், கனமானது அடியில் தங்கும். தங்கியதில் சிர்கான் என்று ஒரு மணி இருக்கும். அது உருவான நாளிலிருந்து அதற்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகிக்கொண்டே வரும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் மணியின் வயசு தெரிந்துவிடும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு வயசு. மணியின் வயசு தெரிந்தால் மலை தெரியும், மலை தெரிந்தால் ஆறு தெரியும். அளப்பதற்கு மாடியில் குளிர்சாதன அறையில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. ஆனால் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க எந்த இயந்திரமும் வரவில்லை. அதற்கு ஊசியக்காதான். ஊசி முனையை நெற்றியில் லேசாகத் தடவிக்கொள்வாள். அந்த எண்ணெய்ப் பசையில் மணி ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி அதைத் தூக்கி அடுத்த தட்டில் வைப்பாள். கை நடுங்கக் கூடாது. அவளுக்கு நடுங்காது. அந்த நடுங்காத கைதான் அவளுக்கு வினையாக வந்தது.

கல்லூரி முடித்த கையோடு, தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். உலகத்தில் தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது எதுதான் சீக்கிரம் முடிந்திருக்கிறது? அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய கடலோர ஊரில் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் லென்ஸை இடுக்கியே வளர்ந்த மனிதர். பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாராம், அவளும் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாளாம். இரண்டு வீட்டாரும் சாடை காட்டுகிறார்கள் என்று நினைத்து அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

மாமனார் படுத்த படுக்கை. கடையையும் அவரையும் விட்டுவிட்டுக் கடிகாரக்காரரால் நகர முடியாது. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ. இங்க உங்க ஆபீசுக்கு ஒரு கிளை இருக்குல்ல, அங்க மாத்தல் வாங்கிடலாம்" என்றார். கிளை இருந்தது நிஜம்தான். கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புகிற சின்ன நிலையம், இரண்டே பேர் வேலை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மகள் பிறந்தாள். விடுப்பு முடிந்ததும் குழந்தையை அங்கே விட்டுவிட்டு, மார்பில் பால் கட்ட, பஸ்ஸில் அழுதபடி திரும்பி வந்து மறுபடி ஊசியைப் பிடித்தாள். மகள் நடந்ததையும் பேசியதையும் போனில்தான் கேட்டாள்.

மாற்றல் கேட்டு அவள் போய் நிற்க வேண்டிய இடம் பேராசிரியரின் அறை. சேற்றுக்கு ஆறு தேடும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அலுவலகத்தில் அவருக்கு நதிமூலம் என்று பெயர். கெட்டவர் என்றால் சண்டை போட்டிருக்கலாம், மேலே எழுதிப் போட்டிருக்கலாம். மனிதர் தங்கம். அவள் காய்ச்சலாகக் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு அறைக்கே வந்து பார்த்தவர். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், அதில் எத்தனை கஷ்டம் என்று.

"இந்தக் குழாய் மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்கம்மா. அப்புறம் நானே உங்களை பஸ் ஏத்தி விடுறேன்" என்பார்.

"போன குழாய்க்கும் இதையேதான் சார் சொன்னீங்க."

"உங்க கை மாதிரி இன்னொரு கை கிடைச்சா நான் ஏன் உங்களைப் பிடிச்சு வைக்கப் போறேன்?"

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கி வருவாள். இரண்டு மூன்று பெண்களைப் பழக்கிக்கூடப் பார்த்தாள். ஒருத்திக்குக் கழுத்து வலி, ஒருத்திக்குக் கண் வலி, ஒருத்தி நாலாம் நாளே இதற்கு ஜெயில் மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று அவளை நினைத்து ஊசியக்காவுக்குப் பொறாமையாக இருந்தது.

வயசுக்கு வந்த மகள் இருக்கும் வீட்டுக்கு விடுமுறையில் போனபோதுதான் அது நடந்தது. பையோடு வாசலில் நின்றவளைப் பார்த்து மகள் எழுந்து நின்று, "வாங்கம்மா, பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவை வாடா போடா என்று கூப்பிட்டு முதுகில் தொங்குகிற பெண், அம்மாவுக்கு மட்டும் விருந்தாளி மரியாதை. இரவு கடிகாரக்காரரிடம் சொன்னாள். "வளர்ந்துட்டால்ல, மரியாதை கத்துக்கிட்டா" என்றார். அவருக்குப் புரிந்தது, புரியாதது போல் சொன்னார். அவளுக்கு நெஞ்சு வெந்து போயிற்று.

அந்தச் சமயம் பார்த்துக் கடலோர நிலையத்தில் இருந்த ஒருவர் ஓய்வு பெறுவதாகச் செய்தி வந்தது. அந்த இடம் போனால் அடுத்த இடம் காலியாக அவள் நரைத்துப் போக வேண்டும். ஓடிப்போய் நதிமூலத்திடம் நின்றாள். இந்த முறை அவர் கொஞ்சம் அசைந்தார்.

"சரிம்மா. மேசை மேல இருக்கிற இந்தக் குழாயை மாசக் கடைசிக்குள்ள முடிங்க. உங்க பேப்பர்ல கையெழுத்துப் போடுறேன். சத்தியமா."

அவள் பேய் மாதிரி வேலை செய்தாள். சேறு சலிப்பதற்கு அங்கே ஒரு கட்டாயம் உண்டு: ஒவ்வொரு மண்ணுக்கும் புது நைலான் வலைத்துணி வெட்டிச் சலிக்க வேண்டும், சலித்ததும் துணியைக் குப்பையில் போட வேண்டும். பழைய மணி எதுவும் புது மண்ணில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. குழாயின் கடைசி அடி மண் மிச்சமிருக்கும்போது துணி தீர்ந்துவிட்டது. கேட்டால், ஆர்டர் போட்டிருக்கிறோம், வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டால், வரும்போது என்றார்கள். பக்கத்தில் பாறைப் பிரிவுக்காரர்களின் அலமாரியில் ஒரு பித்தளைச் சல்லடை இருந்தது. அதே அளவுக் கண். எடுத்துத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து, பிரஷ் போட்டு, விரல் தேயத் தேயக் கழுவினாள். கண்ணெதிரே பளபளவென்று இருந்தது. சலித்தாள், பொறுக்கினாள், மாடிக்கு அனுப்பினாள்.

பொறுக்கும்போதே சில மணிகள் வித்தியாசமாக இருந்தன. இளஞ்சிவப்பு, ஓரமெல்லாம் கூர். ஆற்றில் உருண்டு வந்த மணிக்கு மூலை மழுங்கியிருக்கும். இவை இப்போதுதான் உடைத்த மாதிரி இருந்தன. அழகாக இருக்கிறதே என்று நினைத்தாள், அதற்கு மேல் நினைக்க நேரமில்லை.

ஒரு நாள் காலை கதவு தடாலென்று திறந்தது. தட்டிலிருந்து எத்தனை மணி பறந்ததோ, திட்டுவதற்குத் திரும்பினால் நதிமூலம் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"அடியில இருந்த மண்ணுல எண்பது கோடி வருஷ மணி வந்திருக்கும்மா. நமக்குத் தெரிஞ்ச எந்த ஆத்துலயும் அந்த வயசு கிடையாது. அந்த வயசுல ஒரே ஒரு மலைதான் இருக்கு, அந்த மலைத் தண்ணி இப்ப எதிர்ப்பக்கமா ஓடுது. அப்படின்னா என்ன அர்த்தம்? ஒரு காலத்துல இந்தப் பக்கமும் ஒரு ஆறு ஓடியிருக்கு. செத்துப்போன ஆறு. யாருக்கும் தெரியாத ஆறு."

"மணி கூரா இருந்துச்சே சார்" என்றாள்.

"அதான். செங்குத்தா விழுந்து வேகமா ஓடின ஆறு. உருள நேரமே இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாழ்நாள் முழுக்க ஆறு தேடியவருக்கு ஒரு ஆறு கிடைத்துவிட்டது. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சல்லடையைத் திருப்பி வைக்கப் பாறைப் பிரிவுக்குப் போகும்வரை. அங்கே சுவரில் ஒரு மலையின் படம் ஒட்டியிருந்தார்கள். அவர்கள் சுத்தியால் உடைத்துக் கொண்டுவந்து பொடித்துச் சலிக்கிற மலை. படத்தின் கீழே கொட்டை எழுத்தில் எண்பது கோடி வருஷம் என்று எழுதியிருந்தது.

சல்லடையைத் திருப்பி வைக்காமல் கீழே கொண்டுவந்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். பித்தளை வலையின் கண்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, இளஞ்சிவப்பில், கூர் ஓரத்தோடு, இறுகச் சிக்கிக்கொண்டிருந்தன. ஆறும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கழுவிய கழுவலுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்த மணிகள்.

உடனே மாடி ஏறிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மண் முழுக்க முதலிலிருந்து. துணி வர வேண்டும், கழுவ வேண்டும், பொறுக்க வேண்டும். அதற்குள் கடலோர நிலையத்துக்கு வேறு யாராவது போய்விடுவார்கள். நாளைக்குக் கையெழுத்து. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கடிதம் எழுதிச் சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சல்லடையைப் பழைய துண்டில் சுற்றி இழுப்பறையில் போட்டு மூடினாள். தப்பு என்று தெரியும். ஆனால் பதினைந்து வருஷம் பூட்டிக் கிடந்த கதவு திறக்கும்போது எழுந்து நின்று நியாயம் பேச யாரால் முடியும்?

கதவு திறக்கவில்லை. ஆறு அல்லவா கிடைத்திருக்கிறது! கட்டுரை வந்தது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், கப்பலை மறுபடி அனுப்பி ஐந்து குழாய் எடுக்க அனுமதி வந்தது. நதிமூலம் அவளை மேலே கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"இந்த ஆத்தைக் கண்டெடுத்தது இந்தக் கைதான். இப்படிப்பட்ட நேரத்துல இவங்களை அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்? மாத்தல் பேப்பரை நானே திருப்பி வாங்கிட்டேன்மா. உங்களுக்குப் பதவி உயர்வு எழுதியிருக்கேன். ஆத்துக்கு உங்க பேரையே வெச்சாச்சு. ஊசியாறு."

கை தட்டினார்கள். அவளும் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினாள்.

விஷயம் கடலோர ஊருக்கும் போனது. மகள் தானாகவே போன் செய்தாள். அதுவரை அப்பா டயல் செய்து கையில் கொடுத்தால்தான் பேசுவாள். "அம்மா, நீ ஆறு கண்டுபிடிச்சியா? ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல? கிளாஸ்ல எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த உரிமை. அவள் ஆமாம் என்றாள்.

கப்பல் போய்த் திரும்பியது. குழாய்கள் வந்தன, புது வலைத்துணி கட்டுக்கட்டாக வந்தது. ஒவ்வொரு மண்ணையும் சுத்தமாகச் சலித்தாள். இளஞ்சிவப்பு மணி ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? நதிமூலம் தினமும் இறங்கி வந்து மெதுவாகக் கதவைத் தட்டுவார்.

"கிடைச்சுதாம்மா?"

"இல்ல சார்."

"இருக்கும். இன்னும் கொஞ்சம் பாருங்க."

இல்லாத ஒன்றைத் தேடுகிற வேலையில் முடிந்தது என்று சொல்ல ஒரு நாளும் வராது. அதுதான் அவளை அரித்தது. கிடைத்தால் இன்னும் தேடச் சொல்வார், கிடைக்காவிட்டால் இன்னும் தேடச் சொல்வார். கண்ணாடித் துவாரத்தில் கால்கள் போயின, வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூக்கள் போகும்போது மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் இழுப்பறையைத் திறந்தாள். சல்லடையின் ஒரு கண்ணிலிருந்து ஊசியால் நெம்பி ஒரு மணியை எடுத்தாள். அது ஊசி முனையில் வந்து ஒட்டியது. புதுக் குழாயின் தட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தாள். விட்டால் போதும், நதிமூலம் மகிழ்ந்து போவார், ஆறு நிரூபணமாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது மணி சீராக நின்றது. கை நடுங்கவில்லை. நடுங்கவில்லையே என்றுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஒரு தப்பை மறைத்தது ஒன்று. தன் கையாலேயே பொய்யை எடுத்து வைப்பது வேறு. மணியைச் சல்லடைக்கே திருப்பிவிட்டு, துண்டோடு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

நதிமூலம் தன் அறை மைக்ராஸ்கோப்பில் வெகு நேரம் குனிந்திருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் நிமிரவில்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"ரிசல்ட் வந்த வாரமே தெரியும் சார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் சல்லடையைத் துண்டில் பழையபடியே சுற்றினார். "இது இங்கயே இருக்கட்டும்மா. நான் யோசிக்கிறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

அந்த வாரம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. கடலோர நிலையத்துக்கு இன்னொரு இடம் புதிதாக உண்டாக்கி, அவளை அங்கே மாற்றியிருந்தார்கள். அன்று மதியமே விடுவிப்பு. பத்து குழாய்க்கு நகராத காகிதம் றெக்கை கட்டிப் பறந்து வந்திருந்தது. பக்கத்து அறைக்காரர்கள் கை குலுக்கினார்கள், கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவள் நேரே மேலே போனாள்.

"சார், அந்தச் சல்லடை?"

அவர் காகிதங்களிலிருந்து நிமிர்ந்தார். "எந்தச் சல்லடைம்மா?"

குரலில் மிரட்டல் இல்லை. மிரட்டியிருந்தால் அவளுக்கும் வாய் இருந்தது. அவர் முகம் கெஞ்சியது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குழாய் மட்டும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். கப்பல், கட்டுரை, அனுமதி, கை தட்டியவர்கள், எல்லாம் சேர்ந்து கட்டிப்போட, அவரும் ஒரு அறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் மேசையோரத்தில் நின்றாள். கையில் உத்தரவு இருந்தது. வேண்டாம் என்று அதை மேசையில் வைத்துவிட்டுப் பேசியிருக்கலாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கடலோர நிலையத்தில் நாலு பக்கமும் ஜன்னல். மேலே மின்விசிறி நாள் முழுக்கச் சுற்றுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் தும்மலாம், தடாலென்று கதவைச் சாத்தலாம். வீட்டில் மகள் வாம்மா போம்மா என்று மேலே விழுந்து பழகுகிறாள், தலை வாரிவிடச் சொல்லி அடம் பிடிக்கிறாள். கடிகாரக்காரர் கடையை மூடிவிட்டுச் சீக்கிரமே வந்துவிடுகிறார். அவள் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுத நினைத்த கடிதத்தை மட்டும் எழுதவில்லை, நதிமூலத்துக்கு மேலே இருப்பவர்களுக்குக்கூட. எழுதினால் பத்திரிகையில் வரும், மகள் படிப்பாள்.

ஒரு சாயங்காலம் மகள் தன் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரை இழுத்துக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கடிகாரக்காரரும் பின்னால் வந்தார்.

"அம்மா, இவங்க நம்ப மாட்டேங்குறாங்க. உன் ஆறு எந்த இடத்துல வந்து கடல்ல சேர்ந்துச்சுன்னு நீயே சொல்லும்மா."

பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். மகள் முகத்தில் பெருமை வழிந்தது. எதிரே முழுக்கத் தண்ணீர். அவள் கையைத் தூக்கினாள். எத்தனையோ வருஷம் ஊசி பிடித்து ஒரு நாளும் நடுங்காத கை அது, அன்றும் நடுங்கவில்லை.

"அதோ, அந்தப் பக்கம்" என்றாள்.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.